பேரிக்காய் எங்கே போனது? பழமும் பூவும் கலந்த சென்ட் தோலில் மாறும் விதம்

நீங்கள் கேட்டிருப்பது இது: டியோர் நிறுவனத்தின் ஜாடோர் என்ற சென்ட்டை வாங்கினீர்கள். கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டியபோது பேரிக்காயும் ஆரஞ்சுமாக மணந்தது. வீட்டில் மணிக்கட்டில் அடித்தால் அரை மணி நேரத்தில் பழ வாசனை மறைந்து மல்லிகை வந்துவிடுகிறது. மாலையில் சோப்புப் போட்டுக் குளித்தது போன்ற வாசனை மட்டும் மிஞ்சுகிறது. வாங்கியது போலியா, தோல் ஒத்துக்கொள்ளவில்லையா?

நீங்கள் சொல்வதை வைத்து இரண்டும் இல்லை என்றே சொல்வேன். பேரிக்காய், மல்லிகை, சோப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசைதான் அந்த சென்ட் போக வேண்டிய வழி. உங்கள் மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்றை மட்டும் தவறவிட்டிருக்கிறீர்கள்: பழம் முழுதாகப் போய்விடவில்லை. இந்த வகை சென்ட்டில் பழம் மூன்று தடவை வரும், ஒவ்வொரு தடவையும் வேறு முகத்தோடு. அதைப் பிடிக்கப் பழகிவிட்டால் அரை மணி நேரத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று தோன்றாது.

முதலில் அந்த முக்கோணப் படத்தை ஒதுக்கி வையுங்கள். மேலே பழம், நடுவில் பூ, அடியில் கட்டையும் கஸ்தூரியும் என்று கடைகளில் காட்டுவார்களே, அதுதான். பிரான்சின் கிராஸ் நகரில் பயிற்சிப் பள்ளி நடத்திய ழான் கார்ல் போன்ற ஆசான்கள் மாணவர்களுக்குப் பாடமாக்கிய பிரிவு அது. சென்ட் கலப்பவருக்கு நல்ல கருவி. ஆனால் அணிபவர் அதைப் பார்த்தால், பழம் தீர்ந்த பிறகுதான் பூ புறப்படும் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அடித்த நொடியிலிருந்தே பழம், பூ, கஸ்தூரி எல்லாம் ஒன்றாகவே காற்றில் ஏறுகின்றன. வேகம்தான் வேறு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் 176 பாகை செல்சியஸில் கொதிக்கும் பொருள். மல்லிகைச் சாயல் தரும் ஹெடியோனுக்கோ 300 பாகை தாண்ட வேண்டும். தோலின் வெப்பத்தில் இந்த இரண்டும் ஆவியாகும் வேகத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வேறுபாடு உண்டு. முதல் சில நிமிடங்களில் லிமோனின் மூக்கை நிறைத்துவிடுவதால் ஹெடியோன் தெரிவதில்லை. அது போன பிறகு, அங்கேயே இருந்த ஹெடியோன் தெரிகிறது.

இதை உங்கள் கையில் உள்ள பெட்டியிலேயே படித்துப் பார்க்கலாம். ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அதனால் இந்த வகை சென்ட் பெட்டிகளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் லிமோனின், லினலூல், ஜெரானியால், பென்சைல் சாலிசிலேட் போன்ற பெயர்களைப் பார்க்கலாம். பலர் அதை மருந்துச் சீட்டு மாதிரி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒரு நாளின் அட்டவணை. லிமோனின் முதல் கால் மணி நேரம். 198 பாகையில் கொதிக்கும் லினலூல் ஒரு மணி நேரம் வரை. 230 பாகையில் கொதிக்கும் ஜெரானியால் ரோஜாவின் உடலாக இன்னும் இரண்டொரு மணி. பென்சைல் சாலிசிலேட்டுக்குத் தனியாகப் பெரிய மணம் கிடையாது, ஆனால் 320 பாகைக்காரர். இரவு வரை இருந்து பூ வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வார். நேரங்களெல்லாம் தோராயம்தான், உடலுக்கு உடல் மாறும். வரிசை மாறாது.

இனி பழத்துக்கு வருகிறேன். ஜாடோர் 1999இல் வந்தது, கலந்தவர் காலிஸ் பெக்கர். அதன் முழுச் சூத்திரம் நிறுவனத்தின் ரகசியம். ஆகவே நான் சொல்லப்போகும் பொருட்கள் இந்த வகை முழுவதற்கும் பொதுவானவை. ஜாடோரில் மூக்குக்குப் படுவதையும் அவற்றைக் கொண்டுதான் விளக்க முடியும்.

எலுமிச்சை, ஆரஞ்சு இனத்தை விட்டுவிட்டால் வேறு பழங்களிலிருந்து சென்ட்டுக்கு ஏற்ற எண்ணெயை எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கொடைக்கானல் பேரிக்காயை எவ்வளவு பிழிந்தாலும் சாறுதான் வரும். ஆகவே சென்ட்டில் உள்ள பேரிக்காய், பீச், பிளம்ஸ் எல்லாம் ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகளால் கட்டப்பட்டவை. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஹெக்சைல் அசிட்டேட் உண்மையான பேரிக்காயிலும் இருக்கிறது, பாட்டிலிலும் இருக்கிறது.

அந்த ஹெக்சைல் அசிட்டேட்டும் அதன் உறவுக்காரர்களும்தான் முதல் பழம். நீர் நிறைந்த, பச்சையான, கடித்ததும் சாறு வழியும் பழம். அதன் கொதிநிலை 171 பாகை, லிமோனினை ஒட்டியே இருக்கிறது. அதனால் ஆரஞ்சும் பேரிக்காயும் ஜோடியாக வந்து ஜோடியாகப் போகின்றன. நீங்கள் மயங்கியது இந்த ஜோடியில்தான். கடைக்காரர்களுக்கும் இது தெரியும். எந்தக் கடையிலும் முதல் இரண்டு நிமிடத்தில்தான் விற்பனை முடிகிறது.

பேரிக்காய் போகும் இடத்தில்தான் ஜாடோரின் கைவேலையைப் பார்க்க வேண்டும். மல்லிகையில் அதிகமாக உள்ள பொருட்களில் ஒன்று பென்சைல் அசிட்டேட். அதைத் தனியாக முகர்ந்தால் பாதி மல்லிகை, பாதி வாழைப்பழமும் பேரிக்காயும். கொதிநிலை 210 பாகையைத் தாண்டும். பேரிக்காய் மெலியும்போது இது மேலே வருகிறது. எது பழம், எது பூ என்று மூக்கால் கோடு போட முடியாது. இனிப்பான ஒரு சாறு மெல்லப் பூவாக மாறுகிறது. அடித்துப் பத்து நிமிடத்திலிருந்து முப்பது நிமிடம் வரை மணிக்கட்டை அவ்வப்போது முகர்ந்தால் இந்த மாற்றத்தைக் கண்கூடாகப் பார்ப்பதுபோல் உணரலாம். பழ வாசனை மறைந்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியது இந்த இடத்தைத்தான்.

மலிவான பழ சென்ட்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பழம் போகிறது, பூ இன்னும் சேரவில்லை, நடுவில் ஒரு வெறுமை. அதை மறைக்கப் பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டாலைக் கொட்டுவார்கள். பிறகு நாள் முழுக்கச் சர்க்கரைதான். விலை உயர்ந்த சென்ட்டில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் போகும் பங்கு பெரிது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த இணைப்பு வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைவிட இதை வைத்துத்தான் நான் ஒரு சென்ட்டை எடைபோடுவேன்.

இரண்டாவது பழம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். பீச்சின் சதை: பாலேடு போல, லேசான எண்ணெய்ப் பசையோடு. லாக்டோன் என்ற குடும்பத்தின் வேலை அது. காமா டெக்காலாக்டோன் நிஜ பீச் பழத்தில் இருப்பது. அதைவிடக் கனமான காமா அண்டெக்காலாக்டோனை 1919இலேயே ழாக் கெர்லேன் என்ற சென்ட் கலைஞர் தம் ‘மிட்சுகோ’ என்ற சென்ட்டில் பயன்படுத்தினார். சென்ட்டில் பீச் என்றாலே இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். இவை 280 பாகைக்கு மேல் கொதிப்பவை, கொழுப்போடு ஒட்டுபவை, அதனால் தோலில் நிதானமாகத் தங்கும். மல்லிகையிலேயே இந்தக் குடும்பத்து உறுப்பினர் ஒருவர் உண்டு, ஜாஸ்மின் லாக்டோன். இங்கேயும் பழமும் பூவும் ஒரே குடும்பமாகிவிடுகின்றன. பேரிக்காயைத் தேடிக்கொண்டிருக்கும் மூக்குக்கு இது பழமாகத் தெரியாது, ‘பூ வாசனை வழவழப்பாகிவிட்டது’ என்றுதான் தோன்றும். அந்த வழவழப்புத்தான் பழம்.

மூன்றாவது பழம் மிகச் சிறியது, மிகப் பிடிவாதமானது. டமாஸ்கோன், டமாஸ்கினோன் என்ற பொருட்கள் ரோஜா எண்ணெயில் கடுகளவு இருப்பவை. டமாஸ்கினோனைத் தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு என்ற அளவிலும் மனித மூக்கு கண்டுகொள்ளும். அதன் வாசனை ரோஜாவுக்கும் நன்றாகப் பழுத்த பிளம்ஸ் பழத் தோலுக்கும் நடுவில். மாலையில் சோப்பு வாசனை என்று நீங்கள் சொன்னதற்கு அடியில், மூக்கைத் தோலோடு ஒட்டி வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கறுத்த, காய்ந்த, லேசாகப் புளித்த ஓர் இனிப்புத் தட்டுப்படும். அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது நடுவில் நிற்கும் மல்லிகை. இதைப் பற்றி நம்மவர்களிடம் பேசுவது எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் இந்தப் பூவை நாம் பாரிஸ்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள். ஜாடோரில் இரண்டு மல்லிகை இருப்பதாக நிறுவனமே சொல்கிறது: கிராஸில் விளையும் கிராண்டிஃப்ளோரம், இந்தியாவிலிருந்து போகும் சாம்பக். கிராண்டிஃப்ளோரம் என்பது நம் ஊரில் பிச்சி, ஜாதிமல்லி என்று விற்கிறதே, அதே இனம். சாம்பக் நமது குண்டு மல்லி. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தவர்களுக்கு வேறுபாடு சொல்லித் தர வேண்டியதில்லை. பிச்சியில் பழக் குழம்பின் இனிப்பு அதிகம். குண்டு மல்லியில் பச்சை வாடையும், திராட்சையிலும் ஆரஞ்சுப் பூவிலும் உள்ள மெத்தில் ஆந்த்ரனிலேட்டின் சாயலும் கூடுதல்.

சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் ‘சென்ட் தொழிற்சாலை’ என்றால் குழந்தைக்கும் தெரியும். சந்தையில் விலை இறங்கும் நாட்களில் விவசாயிகள் பூவை அங்கே கொண்டுபோவார்கள். சரம் கட்டுபவருக்கு மொட்டு வேண்டும், தொழிற்சாலைக்கு மலர்ந்த பூ வேண்டும். பகலில் பறித்த மொட்டில் மணம் குறைவு. அந்தி சாய்ந்து இதழ் விரியும்போதுதான் அந்தப் பூ மணத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. அதனால் மொட்டுகளைப் பரப்பி விரியவிட்டு, இரவில் ஹெக்சேன் கரைப்பானில் இட்டு மணத்தைப் பிரிக்கிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகுப் பதத்தில் இருக்கும் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் அப்சொல்யூட். ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்குச் சுமார் ஆயிரம் கிலோ பூ பிடிக்கும். இந்த விலையில் எந்தப் பெரிய சென்ட்டிலும் இயற்கை மல்லிகை சிறு பங்காகத்தான் இருக்க முடியும். பருமனைத் தருவது ஹெடியோன். மல்லிகையை ஆராய்ந்தபோது ஃபிர்மெனிக் நிறுவனத்தின் வேதியியலாளர்களுக்குக் கிடைத்த பொருள் அது. 1966இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் அதை டியோரின் ‘ஓ சவாழ்’ என்ற சென்ட்டில் பயன்படுத்தினார். அதன்பின் அது இல்லாத பூ சென்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மென்மையானது, காற்றோட்டமானது, ஆனால் தனியாக அதற்கு உயிர் குறைவு. உயிரைக் கொடுப்பது இயற்கை மல்லிகையின் இண்டோல். இரவு தலையில் வைத்த பூவை மறுநாள் காலையில் எடுக்கும்போது கனமான, லேசாக அழுகல் கலந்த ஒரு வாடை வருமே, அதில் இண்டோலின் பங்கு பெரிது. ஜாடோரில் அதை மிகவும் அடக்கியே வைத்திருக்கிறார்கள். நிஜ மல்லிகைச் சரத்தை அறிந்த பலருக்கு ஜாடோரின் மல்லிகை ‘கழுவித் துடைத்தது’ போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

சோப்பு வாசனை எங்கிருந்து வருகிறது? அடியில் நிற்பது வெள்ளைக் கஸ்தூரி என்று சொல்லப்படும் செயற்கைப் பொருட்கள்: கலக்சொலைட், எத்திலின் பிராசிலேட் போன்றவை. 1960களிலிருந்து கலக்சொலைட்டைச் சலவைத் தூளிலும் சோப்பிலும் ஏராளமாகச் சேர்த்து வருகிறார்கள், ஏனென்றால் அது தண்ணீரில் அலசினாலும் துணியை விட்டுப் போகாது. ஆக நம் மூக்கு அந்த வாசனையைச் சுத்தத்தோடு சேர்த்துப் பழகிவிட்டது. சென்ட்டில் சோப்பு போடவில்லை. சோப்பில்தான் சென்ட் போட்டிருக்கிறார்கள். கஸ்தூரி வகைகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பிறவி அமைப்பு. அப்படிப்பட்டவர்கள் மூன்று மணி நேரத்தில் சென்ட் தீர்ந்துவிட்டது என்பார்கள்; பக்கத்தில் இருப்பவருக்கு அது நன்றாக மணந்துகொண்டிருக்கும். உங்களுக்குச் சோப்பு தெரிகிறது என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

காகிதத்தில் நின்ற பேரிக்காய் கையில் நிற்காததற்கு வெப்பமே முதல் காரணம். கடையின் குளிர்சாதன அறையில் காகிதம் 23, 24 பாகையில் இருக்கும். மணிக்கட்டுத் தோல் 32 பாகை அளவில் இருக்கும். இத்தகைய பொருட்கள் பத்துப் பாகைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஆவியாகும். வெயிலில் நடந்து வியர்த்த கையென்றால் இன்னும் விரைவு. அடுத்தது தோலின் எண்ணெய்ப் பசை. லாக்டோன், கஸ்தூரி போன்ற கொழுப்புப் பிரியர்கள் அதில் ஒட்டிக்கொள்வார்கள். வறண்ட தோலில் பிடிப்பு குறைவு, ஆகவே பீச்சும் பிளம்ஸும் அவசரமாகக் கடந்துபோகும். அதற்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ கொஞ்சம் வாசலினோ தடவி, அதன் மேல் அடித்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே லாக்டோன் வாசனை உண்டு, பீச்சோடு கலந்து குழப்பும். ‘உங்கள் தோலின் அமிலத்தன்மை சென்ட்டை மாற்றிவிட்டது’ என்ற விளக்கத்தைக் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். வெப்பமும் எண்ணெயும் ஈரமும் விளக்கிவிடுகிற விஷயத்துக்கு அதைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மூலக்கூறு நசுங்கிவிடும் என்பார்கள், அது கட்டுக்கதை. ஆனால் தேய்த்தால் சூடேறும், பரப்பும் விரியும், முதல் பழம் அந்த நிமிடமே பறந்துவிடும். பேரிக்காய் இன்னும் சிறிது நேரம் வேண்டுமென்றால் சட்டைக் கைப்பட்டியில் ஒரு தடவை அடித்துக்கொள்ளுங்கள். துணியில் எல்லாமே மெதுவாக நடக்கும், காகிதத்தில் கண்டது போலவே. வெள்ளைப் பட்டில் மட்டும் அடிக்காதீர்கள், கறை விழும்.

மூக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே வாசனையில் இருபது நிமிடம் இருந்தால் மூக்கு அதைத் தள்ளிவைத்துவிடும். உங்களுக்குத் தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடித்தால் லிஃப்டில் கூட நிற்பவர் திணறுவார். ஒரு தடவை அடித்த கையை விட்டு விலகி வேறு வேலை பார்த்துவிட்டு வந்து முகருங்கள். கடையில் நீட்டும் காபிக்கொட்டையால் தனிப்பலன் எதுவும் இல்லை. சென்ட் படாத உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தாலே மூக்கு தெளியும். அடுத்த முறை வாங்கப் போனால் மணிக்கட்டில் ஒன்றே ஒன்றை அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மாலை வரை பாருங்கள். மூன்றாவது பழம் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்குங்கள்.

போலியைப் பற்றிய பயம் இன்னும் இருந்தால், வாசனை மாறுகிறதே என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாறாமல் இருப்பதுதான் சந்தேகத்துக்கு உரியது: முதல் நிமிடம் என்ன மணமோ அதே மணம் தட்டையாக ஒரு மணி நேரம் நின்று, பிறகு அப்படியே முடிந்தால் யோசிக்க வேண்டும். பெட்டியின் அடியிலும் பாட்டிலின் அடியிலும் உள்ள தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது பத்து வருடப் பழைய பாட்டிலோடு ஒப்பிட்டு ‘இது அசல் இல்லை’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பூ சென்ட்டுகளில் பரவலாக இருந்த லிலியால் என்ற பொருளுக்கு 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, அதனால் பல சென்ட்டுகளின் கலவை மாறியிருக்கிறது. பழைய பாட்டிலும் வைத்த இடத்தைப் பொறுத்து மாறியிருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் முதலில் கெடுவது லிமோனின்தான். உங்களுடையதைக் குளியலறையிலோ சன்னல் ஓரத்திலோ வைக்காமல், பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள்.